மறக்கத் தெரிந்த யந்திரம்

ஞாபக சக்தியைப் புகழாதவர் உலகத்தில் இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் முதல் கச்சேரி ரசிகர் வரையில் எல்லோரும் அதைத்தான் கொண்டாடுகிறார்கள். மறதிக்கு மட்டும் எங்கும் நல்ல பெயர் கிடையாது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் அதைத் தேடுகிறவரைப் பார்த்து நாம் சிரிக்கிறோமே தவிர, "ஆஹா, என்ன அருமையான மறதி!" என்று யாரும் சபாஷ் போடுவதில்லை. ஆனால் மறதியை வேண்டுமென்றே வரவழைத்து, அதற்குத் தனியாக ஓர் அறை ஒதுக்கி, பெயரும் சூட்டி வைத்திருக்கிற இடம் ஒன்று உண்டு. தொழிற்சாலையில் உழைக்கும் ரோபோ என்னும் யந்திர மனிதனின் மூளைப் பெட்டிதான் அது.

'ரோபோ' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர் விஞ்ஞானி அல்ல, ஓர் எழுத்தாளர். செக் நாட்டுக் காரெல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட நாடகத்தில் அது முதன் முதலாக வந்தது. கட்டாய உழைப்பு, வெட்டி வேலை என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. அந்த நாடகத்து ரோபோக்கள் மனித உருவம் கொண்டவை. தொழிற்சாலை ரோபோவுக்கோ முகமும் இல்லை, காலும் இல்லை. தரையில் ஊன்றிய ஒற்றைக் கை. பக்கத்தில் பீரோவைப் போல ஓர் இரும்புப் பெட்டி. அவ்வளவுதான். யோசனை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் நடக்கிறது.

அந்த யோசனையில் இரண்டு வகை உண்டு. கை எந்தப் பாதையில், எத்தனை வேகத்தில் போக வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது ஒன்று. "கதவு சாத்தியிருக்கிறதா? சாமான் வந்து சேர்ந்ததா? பிடி இறுகியதா? அப்படியானால் அடுத்த காரியத்தைத் தொடங்கு" என்று ஆமாம்-இல்லை பார்த்துத் தீர்ப்புச் சொல்வது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலையைச் செய்யும் பகுதிக்குப் பி.எல்.ஸி. என்று பெயர்.

பி.எல்.ஸி.யின் ஞாபகம் பல அறைகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஜப்பானில் ஃபானுக் கம்பெனியார் செய்யும் பெட்டியில் ஓர் அறைக்கு 'உள் ரிலே' என்று பெயர்; இன்னொன்றுக்குக் 'கீப் ரிலே'. ஓம்ரான் கம்பெனியார் 'ஹோல்டிங் ரிலே' என்றும், 'தற்காலிக ரிலே' என்றும் வைத்தார்கள். பெட்டியைத் திறந்து தேடிப் பாருங்கள்; அந்தப் பெயர்களுக்கு உரிய ரிலே ஒன்றுகூட அகப்படாது. சிலிக்கன் சில்லுகள்தான் இருக்கும். இல்லாத பொருளுக்கு எதற்காகப் பெயர்? இறந்துபோன தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரிதான் இதுவும். தாத்தாவின் கதையைச் சொன்னால்தான் பேரனின் குணம் விளங்கும்.

*

ரிலேயின் சரித்திரம் 1830-களில் தொடங்குகிறது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் கலாசாலையில் ஜோசப் ஹென்ரி என்ற பேராசிரியர் மின்காந்தத்தை வைத்து வித்தை காட்டிக் கொண்டிருந்தார். ஒரு பெரிய மின்காந்தம் கனமான பளுவைத் தூக்கிப் பிடித்துக் கொண்டிருக்கும். எங்கேயோ தூரத்தில் மெல்லிய கம்பி வழியாக வருகிற பலவீனமான மின்சாரம் ஒரு சின்னக் காந்தத்தைச் சொடுக்கும். சின்னக் காந்தம் அசைந்து பெரிய காந்தத்தின் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். தடால் என்று பளு கீழே விழும். மாணவர்கள் திடுக்கிட்டுப் போவார்களாம்.

பலவீனன் ஒருவன் பலசாலிக்கு உத்தரவு போடுவது. இதுதான் ரிலேயின் தத்துவம் முழுவதும். ஒரு கம்பிச் சுருள், அதன் எதிரே ஓர் இரும்புத் தகடு, தகட்டோடு சேர்ந்து அசையும் தொடுமுனைகள். சுருளில் மின்சாரம் பாய்ந்தால் தகடு இழுபடும், முனைகள் சேரும். மின்சாரம் நின்றால் வில் தகட்டைத் திருப்பி இழுத்துக்கொள்ளும், முனைகள் பிரியும். தந்தி வந்தபோது இந்தக் கருவிக்கு நல்ல காலம் பிறந்தது. நெடுந்தூரம் போய்க் களைத்துப்போன தந்திச் செய்தியை ரிலே வாங்கிக்கொண்டு, புதிய மின்கலத்தின் பலத்தோடு மேலே அனுப்பிற்று. பழைய காலத்துத் தபால் வண்டிக்கு வழி நெடுகக் களைத்த குதிரையை அவிழ்த்துப் புதுக் குதிரை பூட்டுவார்கள் அல்லவா? அந்த ஏற்பாட்டுக்குத்தான் முதலில் ரிலே என்று பெயர். நம் வீட்டு வானொலி தில்லி நிகழ்ச்சியை 'ரிலே' செய்ததும் அதே சொந்தத்தினால்தான்.

இந்த எளிய கருவிக்கு ஞாபக சக்தி எப்படி வந்தது? அதுதான் வேடிக்கை. கிணற்றடியில் பம்ப் செட் மோட்டாருக்குப் போட்டிருக்கும் ஸ்டார்ட்டரைக் கவனித்திருக்கிறீர்களா? பச்சைப் பொத்தானை அழுத்துகிறோம், மோட்டார் ஓடுகிறது. விரலை எடுத்துவிடுகிறோம், அப்படியும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏன்? உள்ளே இழுபட்ட தகடு தன்னுடைய முனைகளில் ஒன்றினாலேயே தன் சுருளுக்கு மின்சாரம் வாங்கிக் கொடுத்துவிடுகிறது. தன் காலிலே தான் நிற்கிறது என்று சொல்லலாம். "யாரோ என்னை ஒரு முறை அழுத்தினார்கள்" என்ற செய்தியை அது ஞாபகம் வைத்திருக்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ஞாபகம் அறுந்துபோகும்.

மின்சாரம் போனால்? அப்போதும் அறுந்துபோகும். பிறகு மின்சாரம் திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. யாராவது வந்து மறுபடியும் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். இதை ஒரு குறை என்று நினைத்துவிடக் கூடாது. மின்சாரம் போயிருக்கிறதே என்று ஒருவன் பட்டையைக் கழற்றிக் கையை உள்ளே விட்டிருக்கலாம். திடீரென்று மின்சாரம் வரும்போது மோட்டார் பழைய ஞாபகத்தில் ஓடத் தொடங்கினால் அவன் கதி என்ன? ஸ்டார்ட்டரின் மறதி அவனுடைய விரல்களைக் காப்பாற்றுகிறது.

எல்லாக் காரியத்துக்கும் மறதி உதவாது என்பதும் உண்மைதான். ஆகவே ரிலேயில் இன்னொரு ஜாதியையும் செய்தார்கள். இதற்குப் பெரும்பாலும் இரண்டு சுருள்கள். ஒன்று தகட்டை இழுக்கும். உடனே ஒரு கொக்கி வந்து தகட்டைப் பூட்டிவிடும். பிறகு மின்சாரம் நின்றாலும், நாள் கணக்கில் விளக்கு எரியாவிட்டாலும், தகடு இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாவது சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால்தான் கொக்கி விடுபடும்.

ஆக, அண்ணன் தம்பி இருவர். அண்ணன் இருட்டில் எல்லாவற்றையும் மறந்துவிடுவான். தம்பி எதையும் மறக்கமாட்டான். உள் ரிலேயும் கீப் ரிலேயும் இந்த இருவருடைய வாரிசுகள்தாம்.

*

ரிலேக்களைக் கோத்துக் கட்டினால் அவை யோசிக்கவும் செய்யும் என்பதைக் கணித ரீதியாக நிரூபித்தவர்களில் புகழ் பெற்றவர் கிளாட் ஷானன். 1937-இல் மாஸசூஸெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தில் அவர் முதுகலைப் பட்டத்துக்காக ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். வயது 21. இரண்டு முனைகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் "இதுவும், அதுவும்" என்று பொருள். பக்கம் பக்கமாக வைத்தால் "இதுவோ, அதுவோ" என்று பொருள். ஜார்ஜ் பூல் என்பவர் 1854-இல் தர்க்க சாஸ்திரத்துக்கு எழுதி வைத்த கணிதம் அப்படியே ரிலேக்களுக்குப் பொருந்துகிறது என்று ஷானன் காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானில் அகிரா நகாஷிமா என்ற பொறியாளரும் ரிலேக் கட்டமைப்பைப் பற்றி இதே திசையில் எழுதிக் கொண்டிருந்தார்.

பெர்லின் நகரத்தில் கொன்ராட் சூஸே கட்டுரை எழுதவில்லை, யந்திரத்தையே கட்டிவிட்டார். 1941 மே 12-ஆம் தேதி அவர் இயக்கிக் காட்டிய 'இஸட் 3' என்ற கணிப்பொறி முழுக்க முழுக்க ரிலேக்களால் ஆனது. 2,000-க்கு மேற்பட்ட ரிலேக்களில் பெரும் பகுதி அதன் ஞாபகத்துக்கே செலவாயிற்று. 64 எண்களை அது நினைவில் வைத்துக்கொள்ளும். ஒவ்வோர் எண்ணுக்கும் 22 ஆமாம்-இல்லைகள். பெருக்கிப் பாருங்கள், 1,408! அறுபத்துநான்கு எண்களை நம் வீட்டுப் பால் கணக்கு நோட்டில் அரைப் பக்கத்தில் எழுதிவிடலாம். அதற்கு அத்தனை இரும்பும் தாமிரமும் வேண்டியிருந்தன. யுத்தம் முடிவதற்குள், 1943 டிசம்பரில், விமானக் குண்டுவீச்சு அந்த யந்திரத்தை அழித்துவிட்டது.

அசைகிற பொருள் என்றால் அதற்குத் தேய்மானம் உண்டு, தூசியும் உண்டு, பூச்சியும் உண்டு. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி ஹார்வர்டு சர்வகலாசாலையின் மார்க் 2 கணிப்பொறி தகராறு செய்தது. தேடிப் பார்த்தபோது ஒரு ரிலேயின் முனைகளுக்கு நடுவே விட்டில் பூச்சி ஒன்று செத்துக் கிடந்தது. அதை எடுத்து நாட்குறிப்பில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பக்கம் பூச்சியுடன் ஸ்மித்ஸோனியன் பொருட்காட்சிச் சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. அற்ப ஆயுசுள்ள விட்டிலுக்கு இத்தனை அமரத்துவம் வேறு எங்கே கிடைக்கும்?

*

கணிப்பொறிகள் சீக்கிரமே ரிலேயைக் கைவிட்டுவிட்டன. தொழிற்சாலைகள் கைவிடவில்லை. 1960-களில் அமெரிக்க மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றுக்குள் நுழைந்தால், சுவர் ஓரமாக வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள் நிற்கும். கதவைத் திறந்தால் நூற்றுக் கணக்கான ரிலேக்கள் 'டிக் டிக்' என்று ஓயாமல் பேசிக் கொண்டிருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை காரின் மாதிரி மாறும். உடனே யந்திரங்களின் வேலை வரிசை மாறும். அலமாரியில் உள்ள கம்பிகளை எல்லாம் பிய்த்துப் போட்டு மறுபடியும் பின்ன வேண்டும். அல்லது அலமாரியையே குப்பையில் போட வேண்டும். எங்காவது ஒரு முனை தீய்ந்துபோனால், அத்தனை ரிலேக்களில் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வரையில் வேலை நிற்கும்.

1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் ஹைட்ராமாட்டிக் பிரிவினர் இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தார்கள். ரிலே அலமாரிக்குப் பதிலாக, கம்பியை மாற்றாமல் கட்டளையை மட்டும் மாற்றிக் கொள்ளக்கூடிய ஒரு கருவி வேண்டும் என்று கேட்டார்கள். தொழிற்சாலையின் தூசியையும் அதிர்ச்சியையும் அது தாங்க வேண்டும் என்பதும் நிபந்தனை. மாஸசூஸெட்ஸில் பெட்ஃபோர்ட் அஸோஸியேட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் டிக் மார்லி என்பவர் ஏறக்குறைய அதே யோசனையில் இருந்தார். 1968 ஜனவரி முதல் தேதி, முந்தின இரவு விருந்தின் தலைவலியோடு, அதன் வடிவத்தை எழுதினதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நிறுவனத்தின் 84-ஆவது வேலை என்பதால் கருவிக்கு '084' என்று எண் விழுந்தது. மாடிக்கான் என்ற பெயரில் 1969-இல் அது தொழிற்சாலைக்குப் போயிற்று. ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் யந்திரங்களில் ஒன்று ஏறக்குறைய 20 வருஷம் உழைத்த பிறகுதான் ஓய்வு பெற்றது.

மார்லி கோஷ்டியார் கெட்டிக்காரர்கள். புதிய கருவிக்குப் புதிய பாஷை எதையும் அவர்கள் திணிக்கவில்லை. ஆலையில் மின்சார வேலை பார்ப்பவர்கள் பல தலைமுறையாக ரிலே இணைப்புகளை ஏணி மாதிரி ஒரு படத்தில் எழுதிப் பழகியவர்கள். இரண்டு பக்கமும் இரண்டு செங்குத்துக் கோடு. நடுவே படிப் படியாக முனைகள், சுருள்கள். அதே ஏணியைத்தான் புதிய கருவியும் படித்தது. மேல் படியிலிருந்து கீழ்ப் படி வரையில் விநாடியில் சிறு பின்னத்தில் படித்து முடித்து, மறுபடியும் மேலே போய்த் தொடங்கும். ரிலே போய்விட்டது, ரிலேயின் படம் மட்டும் தங்கிவிட்டது. படம் தங்கியதால் பெயரும் தங்கிற்று.

இந்த இடத்தில்தான் ஞாபகத்தின் கதை ஒரு புரளு புரள்கிறது. 084-இன் ஞாபகம் காந்த வளையங்களால் ஆனது. கடுகு மணி போன்ற சின்னஞ்சிறு வளையங்களின் ஊடே மெல்லிய கம்பிகளைக் கோத்துச் செய்வார்கள். பூத் தொடுப்பது போன்ற பொறுமை வேண்டிய வேலை. வளையத்தின் காந்தம் ஒரு பக்கமாகச் சுழன்றால் ஆமாம். மறு பக்கமாகச் சுழன்றால் இல்லை. அதற்கு ஒரு விசித்திர குணம் உண்டு. படித்த மாத்திரத்தில் அது அழிந்துவிடும். ஆகவே படித்தவுடன் திரும்ப எழுதி வைக்க வேண்டும். ஆனால் யாரும் தொடாமல் விட்டால், மின்சாரம் இல்லாமலே வருஷக் கணக்கில் நினைவு வைத்திருக்கும்.

பாருங்கள், நிலைமை தலைகீழாகிவிட்டது! ரிலேக்களின் காலத்தில் மறதி இலவசமாகக் கிடைத்தது. மின்சாரம் நின்றால் தகடு தானாக விழுந்துவிடும். ஞாபகத்துக்குத்தான் கொக்கி போட வேண்டியிருந்தது. காந்த வளையத்துக்கோ ஞாபகம் இலவசம். மறதியைத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். மின்சாரம் திரும்பியதும் "முன்பு ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை எல்லாம் மறந்துவிடு" என்று கட்டளை போட வேண்டியிருந்தது. 1970-களில் சிலிக்கன் சில்லுகள் வந்தன. அவை மறுபடியும் மறதிப் பேர்வழிகள். மின்சாரம் போன கணமே எல்லாம் போச்சு. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டரியை வைத்து ஞாபகத்தை ஊட்டி வளர்த்தார்கள். பொருள் மாறி மாறி வந்தது. ஆனால் எந்தப் பொருளாக இருந்தாலும், மறக்கிற அறை ஒன்று, மறக்காத அறை ஒன்று என்ற இரண்டும் ஆலைக்கு வேண்டியிருந்தன.

*

இனி ரோபோவுக்கு வருவோம். ஜார்ஜ் டெவால் கண்டுபிடித்து, ஜோசப் எங்கல்பெர்கர் வளர்த்த 'யூனிமேட்' என்ற முதல் தொழிற்சாலை ரோபோ, 1961-இல் நியூ ஜெர்ஸியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தது. அச்சிலிருந்து வெளிவரும் கொதிக்கக் கொதிக்க இருக்கும் வார்ப்புகளை எடுத்து வைக்கும் வேலை. கற்றுக்கொடுத்த அசைவுகளை ஒரு காந்த உருளையில் அது பதிந்து வைத்திருந்தது. 1969-இல் ஜப்பானில் கவாஸாக்கி கம்பெனியார் அனுமதி பெற்று அதே ரோபோவைச் செய்யத் தொடங்கினார்கள். பிறகு ரோபோவின் பெட்டிக்குள்ளேயே பி.எல்.ஸி.யும் குடி புகுந்தது.

அந்தப் பெட்டிக்கு ஏணி எழுதுகிற பொறியாளர் ஒவ்வொரு செய்தியையும் எந்த அறையில் வைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். ஏணியில் பாதை பிரிகிற இடத்தில் ஒரு கணம் நினைத்துக்கொண்டு உடனே விட்டுவிட வேண்டியதா? ஓம்ரானின் தற்காலிக ரிலே அதற்குத்தான். "கை இப்போது நகர்ந்து கொண்டிருக்கிறது" என்ற செய்தியா? அது உள் ரிலேயில் இருக்கட்டும். மின்சாரம் போனால் மறந்து போகட்டும். "தட்டில் இதுவரை 17 பெட்டி அடுக்கியாயிற்று" என்ற செய்தியா? அதை மறக்காத அறையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் வந்ததும் ரோபோ ஒன்றாவது பெட்டியை வைக்கக் கிளம்பி, இருக்கிற பெட்டிகளின் மேல் மோதும்.

இன்னும் நுட்பமான கேள்வி ஒன்று உண்டு. ரோபோ ஒரு கனமான சாமானைப் பிடித்திருக்கும்போது மின்சாரம் போனால், பிடியை விடலாமா? விட்டால் சாமான் யார் தலையிலாவது விழும். ஆகவே பிடியை இயக்கும் காற்று வால்வைப் பல இடங்களில் இரண்டு சுருள் வைத்துக் கட்டுகிறார்கள். கடைசியாக இருந்த நிலையிலேயே அது நின்றுவிடும். கொக்கி போட்ட பழைய ரிலேயின் குணந்தான்! கையில் இருப்பதை மறக்கக் கூடாது. போய்க்கொண்டிருந்ததை மறந்துவிட வேண்டும். மனிதனுக்கும் இது நல்ல உபதேசமாகவே தோன்றுகிறது.

நினைவை இழந்தால் ரோபோவின் கதி பரிதாபம். கை எங்கே இருக்கிறது என்ற கணக்கைப் பல ரோபோக்கள் பாட்டரியின் தயவில்தான் காப்பாற்றுகின்றன. பாட்டரியைக் காலாகாலத்தில் மாற்றத் தவறி, மின்சாரமும் இல்லாமல் போனால், விழித்தெழும் ரோபோவுக்குத் தன் கை தோளுக்கு மேலே இருக்கிறதா, தரையில் கிடக்கிறதா என்பதே தெரியாது. அடையாளக் கோடுகளைப் பார்த்து மனிதர் ஒருவர் ஒவ்வொரு மூட்டையும் திருப்பி நிறுத்தி, "இதுதான் உன் தொடக்கம்" என்று மீண்டும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

*

இவையெல்லாம் வெறும் சாமர்த்திய விளையாட்டு அல்ல. 1979 ஜனவரி 25-ஆம் தேதி மிச்சிகன் மாகாணத்தில் ஃபிளாட் ராக் என்ற ஊரில், ஃபோர்டு கம்பெனியின் வார்ப்படச் சாலையில், 25 வயதுத் தொழிலாளி ஒருவர் சாமான்களை எடுக்கச் சேமிப்பு அடுக்கில் ஏறியபோது, யந்திரக் கை பின்னாலிருந்து மோதி இறந்தார். ரோபோவினால் நேர்ந்த முதல் சாவாக அதைச் சொல்கிறார்கள். 1981 ஜூலையில் ஜப்பானில் கவாஸாக்கியின் அகாஷி ஆலையில் இன்னொருவர். பழுது பார்க்கப் போன அந்த மனிதர் வேலியின் கதவைத் திறந்து போகாமல் தாண்டிக் குதித்தார். கதவைத் திறந்திருந்தால் ரோபோவின் மின்சாரம் தானாக நின்றிருக்கும். குதித்ததால் நிற்கவில்லை. கை அவரைப் பக்கத்து யந்திரத்தோடு வைத்து அழுத்திவிட்டது.

அந்தக் கதவின் பின்னால் இருப்பது என்ன? ஒரு தொடுமுனை. கதவு திறந்தால் முனை பிரியும், மின்சாரம் அறுபடும், மோட்டார் நிற்கும். பி.எல்.ஸி. வந்து எத்தனையோ வருஷம் ஆன பிறகும், உயிர் காக்கும் இந்த ஒரு சங்கிலியை மட்டும் அதனிடம் ஒப்படைக்கப் பொறியாளர்கள் மறுத்துவிட்டார்கள். அபாயக் காலச் சிவப்புப் பொத்தானும் வேலிக் கதவும் நிஜமான கம்பி வழியாக, நிஜமான ரிலேக்கள் வழியாகத்தான் போக வேண்டும் என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. இதற்கென்றே தனி ரிலே செய்தார்கள். அதன் முனைகள் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்று தீய்ந்து ஒட்டிக்கொண்டால், அதை மற்றொன்று காட்டிக் கொடுத்துவிடும். அப்படிப்பட்ட ரிலேக்களையும் இரண்டிரண்டாக வைத்து, ஒன்றை ஒன்று காவல் காக்கச் செய்தார்கள். 2000-க்குப் பிறகு, பாதுகாப்புக்கென்றே சோதித்துத் தேர்ந்த விசேஷ பி.எல்.ஸி.களுக்கு விதி இடம் கொடுத்தது. அப்படியும் அந்தப் பழைய இரும்புத் தகட்டுக்கு வேலை போகவில்லை.

ஏன் அந்த நம்பிக்கை? ரிலே அதிகம் படித்ததல்ல. வேகமும் இல்லை, ஞாபகமும் சொற்பம். ஆனால் மின்சாரம் அறுபட்டால் வில் இழுக்கும், தகடு விழும், முனை பிரியும் என்பதற்கு மட்டும் அது உத்தரவாதம். நன்றாக மறக்கும் என்று அதை நம்பலாம். பெட்டிக்குள் சில்லில் கோடிக் கணக்கான செய்திகளை நினைவில் வைக்கும் பேரன், தாத்தாவின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறான். பேரனின் கை நிற்க வேண்டிய வேளையில் நிறுத்துவதற்கு, வேலிக் கதவின் அருகே தாத்தாவே காவல் நிற்கிறார்.